கல்மரத்துக்கு எத்தனை பெயர்? கண்டமங்கலம் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு நூலகத் தடம்

கண்டமங்கலம், வளவனூர், வானூர், மயிலம் பக்கத்துப் பிள்ளைகள் தாவரவியலோ விலங்கியலோ படித்து, சொந்த ஊரைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதும்போது ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "இப்பகுதி குறித்து முந்தைய ஆய்வுகள் அதிகம் இல்லை." கைடும் கையெழுத்துப் போட்டுவிடுவார். கூகுள்ல தேடினா ரெண்டு சுற்றுலாப் பக்கம், ஒரு விக்கிப்பீடியா கட்டுரை, நாலு யூட்யூப் வீடியோ. அதுக்கு மேல ஒண்ணும் வராதப்போ, இல்லைன்னுதானே எழுதத் தோணும்?

ஆனால் அந்த வரி உண்மை இல்லை. இந்த வட்டாரத்தின் கல்லையும் மரத்தையும் பற்றி இருநூறு வருஷத்துக்கு மேலாக எழுதியிருக்கிறார்கள். எழுதியதெல்லாம் வேறு ஊரில், வேறு மொழியில், வேறு பெயரில் அடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்டமங்கலத்துக்கு வடக்கே, சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரைக் கல்மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிய எழுத்து எந்தெந்த ஊர்களில் போய் உட்கார்ந்தது என்று பார்க்கலாம். தேடும் முறையும் அதிலிருந்தே கிடைக்கும்.

கல்லாகிப்போன காடு

திருவக்கரை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது வக்கிரகாளியம்மனும் பௌர்ணமிக் கூட்டமும்தான். சந்திரமௌலீஸ்வரர் கோயில் ஞானசம்பந்தர் பாடிய தலம். கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 200 கல்மரங்கள். சில பதினைந்து மீட்டர் நீளம் வரை படுத்துக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று துறை சொல்கிறது. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. அதனால் இவை நின்ற இடத்திலேயே கல்லானவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்பது விளக்கம். மரத்தின் பொருள் போய் அந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்துவிட்டது. ஆனால் செல் அமைப்பு அப்படியே நிற்கிறது. ஒரு துண்டைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக அறுத்துத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், என்ன வகை மரம் என்று சொல்ல முடியும்.

இதை முதலில் எழுதியவர் யார்?

பாரிஸ், 1782

பூங்காவைப் பற்றிய குறிப்புகளில் பரவலாக வருவது, ஐரோப்பிய இயற்கையியலாளர் ஒருவர் 1781-ல் முதன்முதலில் பதிவு செய்தார் என்பது. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது "ரட்" என முடிய வேண்டியதை "ரெட்" என முடித்துப் பல இடத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த எழுத்துக்கூட்டலோடும் அந்த வருஷத்தோடும் தேடினால் மூல நூல் லேசில் கையில் சிக்காது.

ஆள் பியர் சொன்னெரா. லியோனில் பிறந்த பிரெஞ்சுக்காரர். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் இந்தப் பக்கம் சுற்றியவர். நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயர் காலஸ் சொன்னெராட்டி. அது இவர் பெயரால் வந்ததுதான். இவருடைய பயண நூலின் தலைப்பு, 1774 முதல் 1781 வரை அரசர் ஆணைப்படி கிழக்கிந்தியாவுக்கும் சீனாவுக்கும் போன பயணம் என்று சொல்கிறது. பயணக் காலம் முடிந்த வருஷம் 1781. புத்தகம் பாரிஸில் அச்சானது 1782. நூலக அட்டையில் இருப்பது அச்சான வருஷம்தான். ஒரே ஒரு வருஷ வித்தியாசம், ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். நூலகத் தேடலில் இது போதும், புத்தகம் காணாமல் போக.

கவனியுங்கள், தலைப்பில் கிழக்கிந்தியா இருக்கிறது, சீனா இருக்கிறது. திருவக்கரை இல்லை.

யேனா, 1855

அடுத்த பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். செல் கொள்கை: தாவரங்கள் எல்லாம் செல்களால் ஆனவை என்று 1838-ல் சொன்னவர் ஷ்லைடன், விலங்குகளுக்கு 1839-ல் ஷ்வான். பள்ளியில் மனப்பாடம் செய்த வரி.

அதே மத்தியாஸ் ஷ்லைடன், ஜெர்மனியின் யேனா நகரில், ஷ்மிட் என்ற நிலவியலாளரோடு சேர்ந்து 1855-ல் கல்லான மரங்களின் தன்மை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் பெயர் சூட்டப்பட்டவற்றில் ஒன்று திருவக்கரைக் கல்மரம். வைத்த பெயர் பியூசே ஷ்மிடியானா. செல் கொள்கையின் ஆசிரியர் நம்ம சங்கராபரணிக் கரைக் கல்லின் செல்களைப் பார்த்திருக்கிறார்! பாடப்புத்தகத்துக்கும் நம்ம ஊருக்கும் நடுவில் இப்படி ஒரு முடிச்சு இருப்பதை, தெரிந்திருந்தால் எந்த மாணவனும் முன்னுரையில் எழுதாமல் விடமாட்டான்.

இந்த நூல் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. தலைப்பில் இந்தியாவே இல்லை.

கல்கத்தா, 1862

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரிட்டேசியஸ் காலப் பாறைகளையும் மற்ற பாறைகளையும் பற்றிப் பெரிய அறிக்கை எழுதினார். துறையின் மெமாயர்ஸ் தொடரில் நாலாவது தொகுதி. கல்மரங்கள் கிடக்கும் மணற்பாறைக்குக் "கடலூர் மணற்பாறை" என்ற பெயர் அங்கிருந்து வருகிறது. நெய்வேலி நிலக்கரியைத் தாங்கி நிற்கும் பாறைத் தொகுதியும் இதே குடும்பம்தான்.

அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் திருவக்கரை "ட்ரிவிகரி" ஆகிவிடும். வழுதாவூர் "வலுதயூர்" ஆகிவிடும். இன்றைய எழுத்துக்கூட்டலைக் கொடுத்துத் தேடினால் கம்ப்யூட்டர் "இல்லை" என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. கேட்ட எழுத்து வரிசை அங்கே இல்லை, அவ்வளவுதான். என் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம் இது: தேடல் என்பது எழுத்தோடு எழுத்தைப் பொருத்துகிற வேலை. ஊரை அதற்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

சாஹ்னி, 1931

பீர்பல் சாஹ்னி இந்தியத் தொல்தாவரவியலின் முன்னோடி. இந்தியாவில் கிடைத்த புதைபடிவத் தாவரங்களுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர்களை மறுபடி சரிபார்க்கும் பெரிய வேலையை எடுத்துச் செய்தார். "இந்தியப் புதைபடிவத் தாவரங்களின் மறுஆய்வு" என்ற வரிசை. அதில் ஊசியிலை வகைகளின் கல்மரங்கள் பற்றிய பகுதி 1931-ல் வந்தது. ஷ்லைடன் வைத்த பியூசே ஷ்மிடியானாவை எடுத்து, இது போடோகார்ப் மரங்களின் சாயல் கொண்டது என்று பார்த்து, மெசெம்ப்ரியாக்ஸிலான் ஷ்மிடியானம் என்று மாற்றினார்.

இதே சாஹ்னி லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனம் தொடங்கினார். 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-ஆம் தேதி, சாஹ்னி இறந்துபோனார். நிறுவனம் நின்றது. 1952 முதல் 'தி பேலியோபாட்டனிஸ்ட்' என்ற ஆய்விதழை நடத்தியது.

தென்னாற்காடு, 1953

அந்த இதழில்தான் சி. ஜி. கே. ராமானுஜம் வருகிறார். 1953-ல் வந்த அவர் கட்டுரையின் தலைப்பில், புதுச்சேரிக்கு அருகில் கிடைத்த இரண்டு புதிய மெசெம்ப்ரியாக்ஸிலான் இனங்கள் என்று இருக்கும். அந்த இரண்டில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் மெசெம்ப்ரியாக்ஸிலான் திருவக்கரையானம். ஊர்ப் பெயர் லத்தீன் வேஷம் போட்டுக்கொண்டு இனப்பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டுரைத் தலைப்பில் மட்டும் இல்லை!

1956-ல் அவர் தென்னாற்காட்டுக் கல்மரங்களில் டிப்டெரோகார்ப் குடும்பத்தைப் பற்றி எழுதினார். இந்தக் குடும்பத்து மரங்கள் இன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளிலும் ஓங்கி நிற்பவை. திண்டிவனம், வானூர் பக்கத்து வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். கல்லுக்குள்ளே ஒரு பழைய மழைக்காலம் இருக்கிறது. ஒரு மாணவனின் ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

1966-ல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை நெய்வேலி நிலக்கரியில் இருக்கும் மகரந்தத்தைப் பற்றியது. தலைப்பில் நெய்வேலி கிடையாது. "சென்னை மாநிலத் தென்னாற்காடு மாவட்டத்து மயோசீன் பழுப்பு நிலக்கரி" என்றுதான் இருக்கும். 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1993 செப்டம்பர் 30-ல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. ஆகவே இன்றைக்கு "விழுப்புரம்", "தமிழ்நாடு" என்று தேடுகிற பிள்ளைக்கு 1950-களின் நல்ல கட்டுரைகள் கண்ணிலேயே படாது.

இதுவரை சொன்ன நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணிப் பாருங்கள். ஒன்றின் தலைப்பில்கூட திருவக்கரை இல்லை. "முந்தைய ஆய்வுகள் இல்லை" என்ற வரி பிறப்பது இங்கேதான்.

பழசு எதுக்கு?

"அதெல்லாம் பழசு சார், கடைசி அஞ்சு வருஷ பேப்பர் போதும்" என்று சிலர் சொல்வார்கள். என் துறையில் அது சரி. பத்து வருஷத்துக்கு முந்தைய புரோகிராமிங் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. உயிரியல் அப்படி இல்லை. ஒரு உயிரினத்துக்கு விதிப்படி முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. தாவரங்களுக்கு லின்னேயஸின் 1753 நூலிலிருந்து கணக்கு தொடங்குகிறது. விலங்குகளுக்கு 1758. புதைபடிவத் தாவரங்களுக்கு 1820-ன் கடைசி நாள். அதற்குப் பிறகு யார், எங்கே, எந்த மொழியில் முறைப்படி எழுதியிருந்தாலும் அது இன்னும் உயிரோடு இருக்கும் ஆவணம். பழைய பத்திரம் மாதிரி. தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பார்க்காமல் நிலம் வாங்குவோமா?

பெயர் மாறுவதும் நிற்பதில்லை. மெசெம்ப்ரியாக்ஸிலான் என்ற பேரினப் பெயரே விதிப்படி செல்லாது, அதற்கு முன்பே போடோகார்பாக்ஸிலான் என்ற பெயர் இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கல்மரத்தின் உயிருள்ள உறவுக்கும் இதே கதை. தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை வகைத் தாவரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இருக்கும் ஒரு போடோகார்ப். அது போடோகார்பஸ் என்ற பேரினத்தில் இருந்தது, பிறகு டெகுஸ்ஸோகார்பஸ் ஆனது, இப்போது நாகேயா வாலிசியானா. ஒரே மரம்தான். மூன்று பெயரிலும் தேடினால்தான் அதைப் பற்றி எழுதிய எல்லாம் கிடைக்கும்.

இதழ்களும் பெயர் மாற்றும். பேலியோபாட்டனிஸ்ட் இதழ் 2021 முதல் 'ஜர்னல் ஆஃப் பேலியோசயின்சஸ்' ஆகிவிட்டது.

பட்டியல் போட்டவர்கள்

இந்தக் குழப்பம் இன்றைக்கு வந்தது இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே தாங்க முடியாமல் போனது. சார்லஸ் டார்வின் தன் கடைசிக் காலத்தில், பூக்கும் தாவரங்களின் எல்லாப் பெயர்களையும், அவை முதலில் எங்கே அச்சானது என்பதையும் ஒரே பட்டியலாகத் தொகுக்கப் பணம் கொடுக்க முன்வந்தார். கியூ தாவரவியல் தோட்டத்தில் பெஞ்சமின் டேடன் ஜாக்சன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து தொகுத்தார். 'இண்டெக்ஸ் கியூவென்சிஸ்' 1893 முதல் 1895 வரை வெளியானது. டார்வின் அதைப் பார்க்கவில்லை, 1882-லேயே இறந்துவிட்டார். இன்றைக்கு நாம் இலவசமாகத் தேடும் 'ஐ.பி.என்.ஐ.' என்ற தாவரப் பெயர்த் தளத்தின் அடித்தளங்களில் ஒன்று அந்தப் பட்டியல்.

அந்த மாதிரி ஒரு பட்டியல் நமக்கு மிகப் பக்கத்திலும் தயாரானது. கண்டமங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய புதுச்சேரியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில். அங்கே மகரந்தவியல் ஆய்வு செய்தவர் தணிகைமணி. பனைக் குடும்பத்தின் மகரந்தத்தைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர். மண்ணிலோ நிலக்கரியிலோ கிடைக்கும் ஒரு மகரந்தத் துகள் எந்தச் செடியுடையது என்று சொல்ல வேண்டுமானால், இன்றைய செடிகளின் மகரந்தத்தை ஏற்கெனவே வர்ணித்த கட்டுரைகள் வேண்டும். அவை உலகம் முழுக்க, பல மொழி இதழ்களில் சிதறிக் கிடந்தன. தணிகைமணி அவற்றைத் திரட்டி, பூக்கும் தாவரங்களின் மகரந்த அமைப்பு பற்றிய நூற்பட்டியல் ஒன்றை 1972-ல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார். 1973, 1976, 1980, 1986 என்று அடுத்தடுத்த தொகுதிகள் வந்தன. இணையம் இல்லை, தேடுபொறி இல்லை. ஒவ்வொரு கட்டுரையையும் யாரோ கையில் எடுத்துப் பார்த்து, குறித்து, அடுக்கியிருக்க வேண்டும். உலகின் எந்த மூலையில் மகரந்தம் படிப்பவரும், தன் செடியைப் பற்றி யார் எழுதியிருக்கிறார் என்று பார்க்க இந்தப் புதுச்சேரிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் 73 விமானத்தில் அவர் இருந்தார். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த விமானம் என்றதும் நீரஜா பனோட்டின் பெயர் பலருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். நம் வட்டாரத்து உயிரியல் மாணவர்களுக்குத் தணிகைமணி பெயரும் தெரிய வேண்டும். அவர் இறந்த பிறகும் பட்டியல் நிற்கவில்லை, நிறுவனம் அடுத்த தொகுதிகளை 1990-களிலும் கொண்டுவந்தது.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னெராவின் நூலைப் பார்க்கவேண்டும் என்றால் பெரிய நூலகம் இருக்கும் நகரத்துக்குப் போகவேண்டும், உள்ளே விடக் கடிதம் வேண்டும். இன்றைக்கு அது பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'கலிகா' தளத்தில் இருக்கிறது. பிளான்ஃபோர்டு மாதிரியான பழைய அறிக்கைகளுக்கு 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி'யும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்'வும் இருக்கின்றன. பேலியோபாட்டனிஸ்ட் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆக, தடை பணமோ தூரமோ இல்லை. எந்தப் பெயரில் கேட்பது என்பதுதான் தடை. அதற்கு என் அனுபவத்தில் உதவுகிற வழிகள்:

முதலில், ஒரு தாளில் ஊர்ப் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதுங்கள். ஹெச் சேர்த்து, சேர்க்காமல், பிரெஞ்சுக்காரன் எழுதியிருந்தால் எப்படி, வெள்ளைக்காரன் எழுதியிருந்தால் எப்படி என்று. கூடவே தென்னாற்காடு, சென்னை மாகாணம், "புதுச்சேரிக்கு அருகில்" என்பதையும் சேருங்கள். நம்ம ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் பின்னிக் கிடக்கிற இடத்தில் இந்தக் கடைசிச் சொல் ரொம்ப முக்கியம்.

இரண்டாவது, உயிரினத்தின் பழைய பெயர்கள். உயிருள்ள பூச்செடி என்றால் ஐ.பி.என்.ஐ. போதும். நம் பகுதிக்கு கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் (1915 முதல் 1936 வரை வந்தது) இணையத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு 1980-களில் கே. எம். மேத்யூ அடிகளார் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூலும் நம் பகுதிக்கானதுதான். கேம்பிளிடம் ஒரு பெயர், மேத்யூவிடம் வேறு பெயர் என்றால் இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிடைத்த புதிய கட்டுரை ஒன்றை எடுத்து அதன் மேற்கோள் பட்டியலிலிருந்து பின்னோக்கி நடங்கள். ராமானுஜத்திடமிருந்து சாஹ்னி, சாஹ்னியிடமிருந்து ஷ்லைடன். எந்தத் தேடுபொறியும் இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்யாது.

நான்காவது, ஸ்கேன் செய்த பழைய நூலில் "தேடு" பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பழைய அச்சைக் கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும். பொருளடக்கம், பின்னிணைப்பு, வரைபடம் மூன்றையும் கண்ணால் பாருங்கள்.

ஐந்தாவது, நூலகரிடம் கேளுங்கள். சென்னை கன்னிமாரா நூலகம் இந்தியாவில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் நூலகமும் உலர்தாவரகமும் இருக்கின்றன. போவதற்கு முன் கல்லூரிக் கடிதத்தோடு மின்னஞ்சல் அனுப்பி, அந்தத் தாளையும் இணைத்துவிடுங்கள். "திருவக்கரை பத்தி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டால் நூலகருக்கும் கஷ்டம். "பியூசே ஷ்மிடியானா பற்றி 1931-க்கு முன் வந்தது" என்று கேட்டால் அவருக்கே உற்சாகம் வந்துவிடும்.

ஒரு சின்ன வேண்டுகோள்: பூங்காவிலிருந்து கல்லை உடைத்து எடுத்து வராதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். படிக்க வேண்டியதில் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று, கைடுகளுக்கும் சேர்த்து. ப்ராஜெக்ட்டில் "முந்தைய ஆய்வுகள் இல்லை" என்று எழுதுவதற்கு முன்னால், எந்தெந்தப் பெயரில், எங்கெங்கே தேடினோம் என்று ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் வருகிற பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். ஜாக்சனும் தணிகைமணியும் செய்தது அந்த ஒரு பக்கத்தின் பெரிய வடிவம்தான்.

பழகிப் பார்க்க ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். கண்டமங்கலத்துக்கு வடக்கே வழுதாவூர். அந்தப் பக்கத்துக் கடல் உயிரிப் புதைபடிவங்களை 1846-ல் லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் வர்ணித்திருக்கிறார், கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து அனுப்பியவை. எங்கே கிடைத்தது என்று அவர் எழுதியிருப்பது புதுச்சேரி. அங்கிருந்து தொடங்குங்கள்.